பதினோரு வெட்டும் ஓர் அட்மிரலும்

நெப்ராஸ்காவில் கடல் கிடையாது. பக்கத்து மாநிலத்தில் கிடையாது, அதற்குப் பக்கத்து மாநிலத்திலும் கிடையாது. ஆனாலும் கடற்படை உண்டு. அந்தப் படையில் கப்பல் இல்லை, சிப்பாய் இல்லை, அட்மிரல்கள் மட்டும் இருக்கிறார்கள். கவர்னர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பன்றி வளர்ப்பவன்கூட அட்மிரல்தான். வாங்கியவர்கள் பெரும்பாலும் அந்தத் தாளுக்குச் சட்டம் போட்டுக் கழிப்பறைச் சுவரில் மாட்டி, வருகிறவர்களுக்குக் காட்டிச் சிரிப்பார்கள். வின்ஸ்லோ டட்டில் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தையற்காரனிடம் போய்த் தொப்பிக்கு அளவு கொடுத்தார்.

அந்த அட்மிரல் டட்டில்தான் சமவெளிப் பழைய ரிவால்வர் ஆய்வு மதிப்பீட்டுச் சங்கத்தின் தலைவர். எல்டன் ராட்கே அவரிடம் போயிருக்கவே வேண்டாம். ஏலக்காரன் மெர்ல் பேச்சைக் கேட்டுப் போனான்.

எல்டனுக்கு அறுபத்தாறு வயது. இரண்டு முழங்காலும் போய்விட்டன. நிலத்தை விற்றுவிட்டு, மனைவி லவோனோடு வெல்ட்பர்க் ஊருக்குள் ஒரு சின்ன வீட்டுக்குக் குடி போவதாக ஏற்பாடு. பண்ணைச் சாமான்களை அக்டோபரில் ஏலம் விட வேண்டும். மெர்ல் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து டிராக்டர், கலப்பை, பால் கேன், கோழிக்கூண்டு என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே சமையலறைவரை வந்துவிட்டான். மேசை இழுப்பறையில் வால்நட் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அந்த ரிவால்வர் கிடந்தது.

"இதுக்கு என்ன பேரு போடறது?" என்றான் மெர்ல்.

"துப்பாக்கின்னு போடு."

"பழைய துப்பாக்கின்னு போட்டா இருபது டாலருக்கு மேல எவனும் கை தூக்க மாட்டான் எல்டன். சங்கத்துல ஒரு காகிதம் வாங்கிட்டு வந்துடு. பேரு, வருஷம், விலை, மூணையும் எழுதிக் கொடுத்துடுவாங்க."

காகிதம் என்றால் எல்டனுக்கு ஆகாது. விதைக் கம்பெனிக்காரன் கொடுத்த காகிதத்தில் முளைக்கும் என்று இருந்தது, முளைக்கவில்லை. ஆனாலும் பெயர் தெரியாமல் ஒரு பொருளை விற்பது சரியில்லை என்று அவனுக்கும் தோன்றியது. அங்கேதான் மாட்டிக்கொண்டான்.

ரிவால்வர் அவன் அப்பா கஸ்தாவ் ராட்கேயுடையது. 1915இல் யாருடைய பண்ணை ஏலத்திலோ ஒரு வாளி ஆணியோடு சேர்த்து இரண்டு டாலருக்கு வாங்கியது. ஆணிக்காகத்தான் வாங்கினார். ரிவால்வருக்கு அந்த வீட்டில் வருஷத்துக்கு ஒரு நாள்தான் வேலை. நவம்பரில் குளிர் இறங்கியதும் பன்றி அடிப்பார்கள். அப்போது பன்றியின் நெற்றிக்கு நேராகப் பிடித்து ஒரு குண்டு. மற்ற முந்நூற்று அறுபத்துநாலு நாளும் இழுப்பறைதான். லவோன் மருமகளாக வந்த பிறகு கூடுதலாக ஒரு வேலை கிடைத்தது. வால்நட் ஓடு கல்லுக்குக்கூட மசியாது. ரிவால்வரின் கைப்பிடி அடியால் ஒரு தட்டுத் தட்டினால் இரண்டாகப் பிளக்கும்.

கஸ்தாவ் ராட்கே புனித யோவான் லூத்தரன் சபையில் முப்பத்தொரு வருஷம் மூப்பராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மணி அடிப்பது அவர்தான். ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம். அவர் செத்த பிறகு மணிக்கயிறு தொங்கும் சுவரில் சபையார் ஒரு பித்தளைத் தகடு பதித்தார்கள்: கஸ்தாவ் ராட்கே, சமாதானமுள்ள ஊழியன். அவருக்கு இருந்த ஒரே குறை, குறி சரியாக விழாது. முதல் குண்டிலேயே பன்றி விழுந்துவிட்டால் நல்லது. விழாமல் இரண்டாவது குண்டு தேவைப்பட்டால் அன்று அவர் மதியம் சாப்பிடமாட்டார். தொப்பியைக் கழற்றிச் செத்த பன்றியின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு பேனாக்கத்தியை எடுத்து ரிவால்வரின் மரக் கைப்பிடியில் ஒரு வெட்டு போடுவார். தன்னால் வலி பட்ட உயிருக்கு ஒரு வெட்டு. அவர் வாழ்நாளில் மொத்தம் பதினொன்று.

இதை எல்டன் சங்கத்தில் முதல் நாளே சொன்னான். எத்தனை முறை சொன்னான் என்பதற்குக் கணக்கில்லை.

சங்கம் இருந்த கட்டடம் முன்பு சவ அடக்க நிலையமாக இருந்தது. சங்கத்தார் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றினார்கள். உள்ளே திரைச்சீலை, மெழுகுவர்த்தி, மெதுவாகப் பேசும் வழக்கம் எல்லாம் அப்படியே இருந்தன. நடுவில் பச்சைக் கம்பளி விரித்த நீள மேசை. அதில் முன்பு என்ன வைத்திருந்தார்கள் என்று எல்டன் கேட்கவில்லை. சுவரில் கையளவு எழுத்தில், துடைக்காதே என்று எழுதியிருந்தது.

வெள்ளைக் கையுறை மாட்டிய பீபடி என்ற ஒல்லி மனிதன் ரிவால்வரைப் பழந்துணியிலிருந்து எடுத்தான். குண்டு இல்லை என்று உருளையைச் சுற்றிப் பார்த்தான். பிறகு மூச்சை நிறுத்தி முகர்ந்தான்.

அட்மிரல் தொப்பியோடு வந்தார். முதலில் விதிகள் வாசிக்கப்பட்டன. இங்கே துப்பாக்கி என்று சொல்லக்கூடாது, மாதிரி என்றுதான் சொல்ல வேண்டும். மாதிரியை மேசையில் வைத்த பிறகு சங்கம் கேட்டால் ஒழிய உரிமையாளர் பேசக்கூடாது. உரிமையாளர்கள் பேசியே பல மாதிரிகளின் மதிப்பு முன்பு கெட்டிருக்கிறது. மாதிரியை உரிமையாளர் எந்தக் காலத்திலும் துடைக்கவோ, தேய்க்கவோ, எண்ணெய் பூசவோ கூடாது. கடைசி விதிக்கு எல்டன் வலது கையைத் தூக்கி உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. லவோனும் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கப் போனாள்.

"நீங்க வேண்டாம்மா. மனைவிமார் உறுதிமொழியைச் சங்கம் கணக்குல எடுக்கறதில்லை" என்றார் அட்மிரல்.

லவோன் கையைக் கீழே போட்டாள். அவள் கண் மட்டும் ரிவால்வர் மேலேயே இருந்தது. அவள் வீட்டில் அடுப்புக்குப் பின்பக்கம்கூடப் பளபளக்கும். அழுக்கும் பாவமும் ஒரே ஊர்க்காரர்கள் என்பது அவள் எண்ணம். எல்டனின் அப்பா பொருளாயிற்றே என்றுதான் இத்தனை வருஷம் அதைத் தொடாமல் விட்டிருந்தாள்.

முதலில் எண் குழு. குழாயின் மேல் 1877 என்று இருப்பதை எல்டன் சுட்டிக்காட்டி, அதுதான் செய்த வருஷம் என்று நினைத்ததாகச் சொன்னான். பீபடி இரக்கத்தோடு பார்த்தான். அது காப்புரிமை வாங்கிய தேதி என்றும், இந்த மேசைக்கு வருகிற எல்லாக் குடியானவனும் 1877இல் செய்த மாதிரியைத்தான் கொண்டுவருகிறான் என்றும் சொன்னான். உண்மையான எண் கைப்பிடியின் அடியில் இருந்தது. அங்கே நாற்பது வருஷத்து வால்நட் பிசின் கறுப்பாக அப்பியிருந்தது. நாலு இலக்கம் தெரிந்தது. ஐந்தாவது மூன்றா எட்டா என்று தெரியவில்லை.

"கொஞ்சம் துடைச்சா தெரியுமே" என்றாள் லவோன்.

பீபடி மாதிரியைக் குழந்தையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டான். அட்மிரல் கண்ணை மூடி, அந்த வார்த்தை குறிப்பேட்டில் ஏறக்கூடாது என்றார்.

எனவே ஓட்டெடுப்பு நடந்தது. எட்டு என்று ஆறு பேரும், மூன்று என்று இரண்டு பேரும் கை தூக்கினார்கள். மூன்று என்றவர்கள் பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். காரணம் இருந்தது. மூன்றாக இருந்தால் அந்த ரிவால்வர் 1881இல் கன்சாஸில் ஓர் இரும்புக் கடைக்கு அனுப்பப்பட்டது என்று அதைச் செய்த டன்பார் தொழிற்சாலையின் பேரேட்டில் தெளிவாக இருக்கிறது. எட்டாக இருந்தால் அந்தப் பக்கம் தீயில் எரிந்துபோயிற்று. யாருக்குப் போனது என்று பேரேட்டில் இல்லையென்றால் பெயர் சொல்ல முடியாத ஆளுக்குப் போயிருக்கிறது. பெயர் சொல்ல முடியாத ஆள் என்றால் கொள்ளைக்காரன். அட்மிரல் இதை மூன்று விரலை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினார். ஆவணம் எரிந்ததைவிடப் பலமான ஆவணம் கிடையாது என்றார்.

அடுத்தது துருக் குழு. துருவில் நேர்மையான துரு, நேர்மையற்ற துரு என்று இரண்டு வகை. எல்டனின் துரு மிக நேர்மையானது என்று முடிவாயிற்று. கைப்பிடி அடியில் இருந்த பழுப்புக் கறையைப் பீபடி பூதக்கண்ணாடியில் பார்த்து, இது மனித ரத்தம் இல்லை என்று யாரும் நிரூபிக்க முடியாது என்று எழுதினான். வால்நட் தோல் சாயம் என்று லவோன் சொன்னாள். கேட்காமல் பேசியதாக அதுவும் குறிப்பேட்டில் ஏறவில்லை. அடிப்பக்கப் பள்ளங்கள் மண்டையில் அடித்ததால் வந்தவை என்று ஆயின.

கடைசியில் மரக் குழு. பீபடி கைப்பிடியை விளக்குக்குத் திருப்பி, ஒன்று, இரண்டு என்று எண்ணினான். பதினொன்று வந்ததும் குரல் உடைந்துவிட்டது. எட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள். அட்மிரல் தொப்பியைக் கழற்றினார்.

எல்டன் விதியை மீறினான். அது பன்றி என்றான். இரண்டாவது குண்டு, பேனாக்கத்தி, அப்பா சாப்பிடாதது எல்லாம் சொன்னான். அட்மிரல் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மிஸ்டர் ராட்கே, இருபத்தெட்டு வருஷமா இந்த மேசையில உட்கார்ந்திருக்கேன். வர்ற எல்லாக் குடும்பமும் இதையேதான் சொல்லுது. பன்றிங்கறாங்க. பாம்புங்கறாங்க. வேலிக்கு ஆணி அடிச்சோம்ங்கறாங்க. கூச்சம். எங்களுக்குப் புரியுது. நீங்க கூச்சப்பட்டு மறைக்கறதை வெளிய எடுக்கறதுதான் எங்க தொண்டு. இதோ எங்க விலைப்பட்டியல். மனுஷன் ஒருத்தன் செத்திருந்தா ஆயிரத்து ஐந்நூறு டாலர் ஏறும். சூதாடின்னா ரெண்டாயிரம். ஷெரிஃப்னா ஐயாயிரம். பன்றின்னா நாற்பது டாலர் இறங்கும். இப்ப நீங்களே சொல்லுங்க, இதுல எது உண்மையா இருக்க முடியும்?"

"பன்றிதான்" என்றான் எல்டன்.

உரிமையாளர் மறுக்கிறார் என்று அட்மிரல் எழுதிக்கொண்டார். எந்தத் தலைப்பின் கீழ் எழுதுகிறார் என்று எல்டன் எட்டிப் பார்த்தான். சாதகமான சான்றுகள் என்று இருந்தது.

மாதிரியைச் சங்கமே மூன்று வாரம் வைத்துக்கொண்டது. வரலாற்றுக் குழு அந்த நாளில் 1915க்குப் பிறகான உள்ளூர்ச் செய்தித்தாள்களை மூட்டை மூட்டையாக இறக்கிப் படித்தது. பதினோரு சாவு வேண்டும். ஆற்றில் பனி உடைந்து முழுகியவன் ஒருவன் கிடைத்தான். தானியக் கிடங்கில் விழுந்தவன், மின்னல் தாக்கியவன் கிடைத்தார்கள். சபை விருந்தில் பந்தயம் கட்டி ஆப்பிள் பை என்ற பலகாரத்தைப் பதினேழு துண்டு சாப்பிட்டுச் செத்தவன் ஒருவன் இருந்தான். பத்திரிகை அதை வயிற்று உபாதை என்று எழுதியிருந்தது. சங்கம் அவ்வளவு லேசில் ஏமாறவில்லை. பத்துப் பேர் தேறினார்கள். பதினோராவது ஆள் கிடைக்காமல் பீபடி எல்டன் வீட்டுக்கே வந்துவிட்டான். லவோன் காப்பி ஊற்றினாள்.

குடும்பத்தில் யாராவது காணாமல் போனதுண்டா என்று கேட்டான். இல்லை என்றான் எல்டன். திடீரென்று ஊரைவிட்டுப் போனவர்கள்? ஓட்டோ சித்தப்பா ஓரிகன் போனார், அங்கே பேரிக்காய்த் தோட்டம் போட்டார்.

"திரும்பி வந்தாரா?"

"வரல. கிறிஸ்மஸுக்குக் கடுதாசி போடுவாரு. பேரிக்காயும் ஒரு பெட்டி வரும்."

"கையெழுத்து அவரோடதுதானா?"

"நான் எங்க பார்த்தேன். சித்திதான் எழுதுவாங்க."

பீபடி பேனாவை மூடினான். காப்பியைக் குடிக்காமலேயே எழுந்துபோனான். பதினோராவது ஆள் கிடைத்துவிட்டார்.

மதிப்பீட்டுச் சான்று சங்கத்தின் ஆண்டு விருந்தில், வறுத்த மாட்டிறைச்சிக்கும் ஜெல்லிக்கும் நடுவில் வாசிக்கப்பட்டது. டன்பார் ரிவால்வர், எண் எட்டில் முடிவது, முதல் உரிமையாளர் பெயர் சொல்ல முடியாதவர், இரண்டாம் உரிமையாளர் கஸ்தாவ் ராட்கே. உறுதி செய்யப்பட்ட உயிர்கள் பதினொன்று, அதில் உடன்பிறந்தவர் ஒருவர். மதிப்பு பதினெட்டாயிரத்து எழுநூறு டாலர். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முன்பின் தெரியாத ஒருவர் எல்டனின் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் தகப்பனாரைப் பற்றி ரொம்பச் சந்தோஷம் என்றார்.

எல்டனும் மனிதன்தான். பதினெட்டாயிரத்து எழுநூறு என்ற எண்ணோடு நாலைந்து நாள் கழித்தான். புது வீட்டுக் கூரை ஒழுகியது. ஒமாஹாவிலிருந்து ஒரு பற்பசை முதலாளி போன் செய்து, முழுத் தொகையும் தருகிறேன், ஓட்டோவை எங்கே புதைத்தார்கள் என்று மட்டும் காட்டினால் இன்னும் ஆயிரம் தருகிறேன் என்றார். பார்க்கலாம் என்று எல்டன் போனை வைத்தான். உடனே முடியாது என்று சொல்லவில்லை என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. ஏலக்காரன் மெர்ல் நோட்டீஸில் பதினோரு கொலை என்பதைச் சிவப்பில் அச்சடித்துவிட்டான்.

அந்த வாரம் பாஸ்டர் ஹோல்ஸ்ட் வந்தார். சின்ன வயது, சபைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. சோளத்தைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார், மூன்று கோப்பை காப்பி குடித்தார். பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே, சபைக் குழு கூடியதாகவும், மணிக்கயிற்றுச் சுவரில் உள்ள தகடு பற்றிப் பேச்சு வந்ததாகவும், ஓட்டெடுப்பில் கழற்றிவிடுவது என்று முடிவானதாகவும் சொன்னார். தகட்டின் நாலு திருகாணியில் மூன்றை அன்று காலையே கழற்றியாயிற்று, நாலாவது இறுகியிருக்கிறது.

எல்டன் காலிக் கோப்பைகளை எடுத்துக் கழுவும் தொட்டியில் வைத்தான்.

"பாஸ்டர், உங்களுக்கு எங்கப்பாவைத் தெரியாது. குழுவுல பாதிப் பேருக்குத் தெரியும். அவரு அடிச்ச மணியில எழுந்து வந்தவங்க. அவங்க என்ன சொன்னாங்க?"

"அவங்கதான் முதல்ல கை தூக்கினாங்க மிஸ்டர் ராட்கே. அந்த ஆளு அவ்வளவு அமைதியா இருந்தப்பவே எங்களுக்குச் சந்தேகம்னாங்க."

பாஸ்டர் போனதும் எல்டன் வண்டியை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போனான். தகடு ஒற்றைத் திருகாணியில் தலைகீழாகத் தொங்கியது. சமாதானமுள்ள என்ற வார்த்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூரை ஒழுகினால் ஒழுகட்டும் என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது. அங்கிருந்து நேரே சங்கத்துக்குப் போனான்.

அட்மிரல் அன்போடு வரவேற்றார். எல்டன் இந்த முறை தயாராக வந்திருந்தான். ஓட்டோ சித்தப்பாவின் சாவு அறிவிப்பை வெட்டி எடுத்து வந்திருந்தான். 1948இல் ஓரிகனில் எண்பத்தொரு வயதில் தூக்கத்தில் இறந்ததாகப் போட்டிருந்தது. அப்பா பன்றி அடிப்பதைப் பார்த்த பக்கத்துப் பண்ணைக்காரர் இரண்டு பேரிடம் எழுதியும் வாங்கியிருந்தான். அட்மிரல் எல்லாவற்றையும் படித்தார். அழகான கையெழுத்து என்றார்.

"அப்ப சான்றைத் திருத்திக் கொடுங்க."

"முடியாதே. இது உண்மை சம்பந்தப்பட்ட முறையீடு. அதுக்கு எங்ககிட்ட படிவம் இல்லை."

"படிவம் இல்லேன்னா?"

"இதுவரை யாரும் கேட்டதில்லை. உயிர்க் கணக்கைக் கூட்டிப் போடுங்கன்னு கேட்டு வருவாங்க, அதுக்குப் படிவம் இருக்கு. நீலக் கலர். குறைக்கச் சொல்லி இந்த இருபத்தெட்டு வருஷத்துல நீங்கதான் முதல் ஆள்." அட்மிரல் அவன் தோளில் கை வைத்தார். "மிஸ்டர் ராட்கே, நான் மனம் திறந்து சொல்றேன். உங்கப்பா நல்லவரா இருந்திருக்கலாம். ஊர்ல நல்லவங்க ஆயிரம் பேரு செத்தாங்க, ஒருத்தர் துப்பாக்கியையும் நான் கையால தொட்டதில்லை. உங்கப்பாவை நாங்கதான் பெரிய மனுஷன் ஆக்கியிருக்கோம்."

அவசரத்தில் தாமே துப்பாக்கி என்று சொல்லிவிட்டதை அட்மிரல் கவனிக்கவில்லை. எல்டனும் சொல்லவில்லை. வாசலில் மாதிரியை அவனிடம் ஒப்படைக்கும்போது, மறுமதிப்பீடு என்று ஒன்று உண்டு, ஆனால் அது மாதிரியின் நிலை மாறினால் மட்டும்தான் என்று பீபடி ஆறுதலுக்குச் சொன்னான். அது மஞ்சள் படிவம். எல்டன் ஒன்று வாங்கிக்கொண்டான்.

சனிக்கிழமை மதியம் சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து ரிவால்வரை வைத்தான். எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். லவோன் பாத்திரம் கழுவிவிட்டு வந்தாள்.

"கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணிட்டேன் லவோன். சர்ச்சுக்குப் போறவன். மீற முடியாது."

"நீதானே பண்ணினே."

எல்டன் நிமிர்ந்து பார்த்தான்.

"என் கையை அந்தத் தொப்பிக்காரன்தான் இறக்கச் சொன்னான். மனைவிமார் கணக்குல இல்லேன்னான்." லவோன் ஏற்கெனவே சட்டைக் கையை மடித்து விட்டிருந்தாள். மண்ணெண்ணெய், இரும்பு நார், வெள்ளி துலக்கும் பசை, பழைய பல் துலக்கும் பிரஷ், வார்னிஷ் டப்பா எல்லாம் ஒரு தட்டில் தயாராக இருந்தன. எத்தனை நாளாகத் தயாராக இருந்தன என்று அவன் கேட்கவில்லை. "நாற்பத்தொரு வருஷம் எல்டன். இந்தக் கழுதையைத் தேய்க்கணும்னு எத்தனை நாள் எனக்குத் தூக்கம் வரல தெரியுமா?"

"கைப்பிடி வெட்டுல மட்டும் நாரை வைக்காதே."

"எனக்குத் தெரியாதா?"

நேர்மையான துரு முதல் பத்து நிமிஷத்திலேயே போயிற்று. மனித ரத்தம் இல்லை என்று யாரும் நிரூபிக்க முடியாத கறை சோப்புத் தண்ணீரில் கரைந்தது. லவோன் வாய்க்குள் ஒரு கீர்த்தனை பாடிக்கொண்டே தேய்த்தாள். சாயங்காலம் அவள் அதை ஜன்னலுக்கு நேராகத் தூக்கியபோது எதிரே தொழுவத்துச் சுவரில் வெளிச்சம் ஓடியது. கைப்பிடி வார்னிஷில் பள்ளிக்கூட பெஞ்சு மாதிரி மினுங்கியது. பதினோரு வெட்டும் அப்படியே இருந்தன.

திங்கட்கிழமை எல்டன் மஞ்சள் படிவத்தை மேலே வைத்து, பழந்துணியைப் பச்சைக் கம்பளி மேல் பிரித்தான்.

கொஞ்ச நேரம் யாருக்கும் கண் கூசியது தவிர வேறெதுவும் தெரியவில்லை. பிறகு பீபடி கையுறையைக் கழற்றிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். அவன் தோள் குலுங்கியது. துருக் குழுவில் ஒரு கிழவர் தண்ணீர் கேட்டார். அந்தக் கட்டடம் கட்டப்பட்ட காரியத்துக்கு அன்றுதான் மறுபடியும் பயன்பட்டது.

"என்ன பண்ணிட்டீங்க?" என்றார் அட்மிரல் மெதுவாக.

"நான் ஒண்ணும் பண்ணல. சத்தியம் காப்பாத்தியிருக்கேன். என் பெண்டாட்டிதான் தேய்ச்சா. அவ கணக்குல இல்லை."

அட்மிரல் குறிப்பேட்டைப் புரட்டினார். மனைவிமார் கணக்கில் இல்லை என்பது அவர் கையெழுத்திலேயே இருந்தது. பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டி ரிவால்வரைத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் ஐந்து இலக்கமும் பால் குடித்த குழந்தை முகம்போலத் துல்லியமாக இருந்தன. ஐந்தாவது இலக்கம் மூன்று. பிசின் அடைத்ததால்தான் எட்டாகத் தெரிந்திருக்கிறது. மூன்று என்று அன்று கை தூக்கிய இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மூன்று என்றால் கன்சாஸ் இரும்புக் கடை. இரும்புக் கடை என்றால் கொள்ளைக்காரன் இல்லை. கறை இல்லை, எனவே ரத்தம் இல்லை. ஆற்றில் முழுகியவன் ஆற்றில்தான் முழுகினான். ஆப்பிள் பை தின்றவன் பை தின்றே செத்தான். ஓட்டோ சித்தப்பா ஓரிகனில் உயிர் பிழைத்து, பேரிக்காய் விற்று, எண்பத்தொரு வயதில் தூக்கத்தில் இறந்தார். கால் மணி நேரத்தில் கஸ்தாவ் ராட்கே பதினோரு கொலையிலிருந்தும் விடுதலையானார். சாட்சி ஒருவரையும் விசாரிக்கவில்லை.

"அந்த வெட்டு?" என்று ஒருவர் கேட்டார்.

அட்மிரல் எரிச்சலோடு கையை வீசினார். "பன்றியா இருக்கும். இவ்வளவு பளபளன்னு இருக்கறதை வெச்சு எந்த மனுஷனைக் கொல்ல முடியும்?"

புதுச் சான்றில் இப்படி இருந்தது: டன்பார் ரிவால்வர், சாதாரண வகை. கொன்றவை, பன்றி, பதினொன்று. மதிப்பு பன்னிரண்டு டாலர். எல்டன் அதை இரண்டு முறை படித்தான். பன்றி பதினொன்று இல்லை, நாற்பதுக்கு மேல் இருக்கும், முதல் குண்டில் விழாததுதான் பதினொன்று என்று திருத்தப் போனான். தவறிய குண்டுக்கு எங்களிடம் கட்டம் இல்லை என்றார்கள். அதை விட்டுவிட்டான். பாஸ்டருக்கு ஒரு நகல் மட்டும் கேட்டு வாங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை, உருளைக்கிழங்கு விருந்து அறிவிப்புக்கும் நோயாளிகள் பட்டியலுக்கும் நடுவில், பாஸ்டர் ஹோல்ஸ்ட் சான்றை வாசித்தார். பன்றி என்ற வார்த்தை வந்ததும் முன்வரிசையில் இருந்த குழுக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். அந்த ஆள் முகத்தைப் பார்த்தாலே பன்றியாகத்தான் இருக்கும் என்று தங்களுக்கு அப்போதே தெரியும் என்றார்கள். பித்தளைத் தகடு நாலு திருகாணியோடு நேராக நின்றது. ஒமாஹா முதலாளி பிறகு போன் செய்யவில்லை. மெர்ல் நோட்டீஸில் சிவப்பு எழுத்தைக் கோடு போட்டு அடிக்க ஆரம்பித்தான். அந்த வரியையே எடுத்துவிடச் சொன்னான் எல்டன். ரிவால்வரை விற்பதாக இல்லை.

அன்று மதியம் லவோன் இறைச்சியை அடுப்பிலிருந்து எடுத்து வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். பதில் இல்லை. எல்டன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். விதைக் கம்பெனித் தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்திருந்தான். ஒரு கையில் ரிவால்வர், இன்னொரு கையில் அப்பாவின் பேனாக்கத்தி. கைப்பிடியில் பதினோராவது வெட்டுக்குக் கீழே புது மரம் வெளுப்பாகத் தெரிந்தது.

"வார்னிஷ் போட்டு ஒரு வாரம்தான் ஆகுது. எதுக்கு இப்ப பன்னிரண்டாவது?"

எல்டன் மரத்தூளை ஊதித் தள்ளினான்.

"அட்மிரலுக்கு. முதல் தடவை விழலை."

"சாப்பாடு ஆறுது."

"நீ சாப்பிடு. எனக்கு இன்னிக்கு வேண்டாம்."